தொட்டால் நிறம் வரும் படம்

ராஜபாளையத்தில் உறவின்முறைச் சங்கம் கட்டிய வணிக வளாகத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் கார்த்திகா. கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது. கடை முதலாளிகளை எல்லாம் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து, சுற்றிலும் பூச்சரம் போட்டிருந்தாள். விரலால் தொட்டால் படத்துக்கு நிறம் வரும், ஆள் சிரிப்பார். கறுப்பு வெள்ளைப் படமும் சுற்றிலும் பூவும் என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது அவளுக்கு எப்படித் தோன்றாமல் போனதோ! சங்கத்துக்காரர்களும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கைதட்டினார்களே தவிர, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மோட்டார் கடை ஆண்டிச்சாமியின் படத்தை எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அங்கே தொட்டால் நிறம் வருமா? குரூப் குரூப்பாகச் சுற்றி, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கேதான் அவருடைய ஒரே மகள் மாரிச்செல்வி இருக்கிறாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று, "எம் பொணத்தப் பாக்க வந்தாப் போதும், அதுவரைக்கும் எம் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லி அனுப்பிய புண்ணியவான் இவர். ஆத்திரத்தில் வந்த வார்த்தை. பிறகு அவரையே நாளெல்லாம் அறுத்த வார்த்தை. அவளாக ஒரு தடவை வந்துவிட மாட்டாளா என்று ஏங்கினார். வீம்பு பிடித்த மனிதர், போன் மட்டும் போடவில்லை.

அவள் வந்தாள். அப்பன் வீடு பூட்டிக் கிடக்கவே, உடலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கக் கடைக்கே ஓடி வந்தாள். "எங்கப்பா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள் எதிரே, ஆண்டிச்சாமி டீ கிளாசோடு நின்றார்.

அழுகை பாதியில் நின்றது. "அப்பா... இருக்கியளா?"

முகமெல்லாம் சந்தோஷம் அவளுக்கு. அடுத்த நொடியே பயம்.

வா தாயி என்று சொல்ல அவர் நெஞ்சு தவித்தது. அதற்குள் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் பாழாய்ப்போன வாய் வேறொன்றைச் சொன்னது.

"இன்னும் சாகலயே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மாரிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருங்கப்பா. எனக்கு அது போதும்."

வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டாள். "ஏட்டி, செல்வி!" என்று அவர் வாய் திறந்தபோது ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பியிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மாடியில் சங்க ஆபீசிலிருந்து ஓடி வந்தாள் கார்த்திகா. "பெரியப்பா, என் தப்புதான். இப்பவே மாத்திருதேன்." அவர் காதில் விழவில்லை. மகள் கீழே போட்டுவிட்டுப் போன பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ரோஜா மாலையும், பிணத்துக்குப் போர்த்த எடுத்துவரும் கோடி வேட்டியும் இருந்தன.

பக்கத்துக் கடைப் பேச்சிமுத்து பதறினார். "தொடாதலே! உசிரோட இருக்கவன் தொடுத துணியா அது? தூர எறி."

ஆண்டிச்சாமி வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டம் பார்க்கப் படியிலேயே உட்கார்ந்து விம்மி அழுதார்.

"ஏலே, எம் மக எனக்கு எடுத்த மொத வேட்டி இது."