அப்பா பேசும் ஐந்து வினாடி

1968, திருவிழா ஞாயிறு, மதியம் மூன்று மணி. பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் அந்தச் சின்ன ஊர் முழுக்கத் தன் ஒற்றைத் தியேட்டருக்குள் அடைந்து கிடந்தது. பியர், வறுத்த உருளைக்கிழங்கு, அப்புறம் அந்தப் பழைய படம். மூன்றும் இல்லாமல் அங்கே திருவிழா கிடையாது. நெப்போலியனின் அதிகாரி ஒருவன் மாதா கோயில் மணியைப் பறித்துப்போக வருகிறான்; ஊர்க்காரர்கள் அதைப் பியர் பீப்பாய்க்குள் ஒளிக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒரே தடவை இந்தப் படம். நடித்ததில் பாதிப் பேர் இதே ஊர், அலுக்குமா?

லிவினாவின் அப்பா சிரில் அதில் பீப்பாய் உருட்டுகிறவர். ஐந்து வினாடி, ஒரே வசனம். அவள் பிறப்பதற்கு முன்பே இரண்டாம் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. படத்தில் அவர் வாயைத் திறந்ததும் அரங்கமே முந்திக்கொண்டு அந்த வசனத்தைக் கத்தும். வருஷா வருஷம் வந்தும் அப்பாவின் குரலை அவள் கேட்டதில்லை. பாவம், யாரிடமும் சொன்னதுமில்லை.

இந்த முறை தியேட்டர்க்காரர் ஓடிலோனிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"இவனுங்க வாயை மூடவா? பாதிரியாரே முடியாம கைவிட்டுட்டாரும்மா!" என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, போய் உக்காரு. பாப்போம்."

பீப்பாய் வரும் கட்டத்துக்குச் சற்று முன் படம் நின்றது. விளக்கு எரிந்தது. ஓடிலோன் திரை முன்னால் வந்து நின்றார்.

"யாரும் கத்தாதீங்கப்பா. லிவினா இன்னும் அவ அப்பா குரலையே கேட்டதில்லையாம். நாமதான் கத்திக் கத்திக் கெடுத்திருக்கோம்."

கசாப்புக்கடை ரெமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

படம் மறுபடி ஓடியது. "மணி எங்கடா?" என்று அதிகாரி உறுமினான். சிரில் நெற்றியைத் துடைத்தார்.

"மணியா? எங்களுக்குப் பசிச்சா மத்தியானம், தூக்கம் வந்தா ராத்திரி. மணி எதுக்குங்க?"

மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அவளைவிடச் சின்ன வயசுக் குரல்.

திரையில் சிரில், யாராவது சிரிக்க மாட்டார்களா என்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

லிவினாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டாள்.

"ஏன்யா உம்முனு உக்காந்திருக்கீங்க? எங்கப்பா தமாஷ் பண்றாரு, சிரிங்களேன்!"