பள்ளத்துக்கு முன் ஒரு கரகரப்பு

மகேஸ்வரிக்குப் பதினாறு வயதில் பார்வை முழுதாகப் போய்விட்டது. "இனிமே வருஷா வருஷம் காதையும் பாத்துக்கணும்" என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதை வைத்துத்தானே அவள் எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருந்தாள்!

அப்பா கொல்கத்தாவின் கிடர்பூர் கடைத்தெருவில் வாங்கிவந்த வீடியோ கேம் பெட்டியில்தான் அந்த ஜெயிப்பெல்லாம். கண் தெரியாதவள் விளையாடுவதை ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸே வந்து வேடிக்கை பார்க்கும். சூட்சுமம் தம்பி மணிவேலுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டத்தில் ஓடுகிற பொம்மை பள்ளத்தை நெருங்கும்போது காற்றுச் சத்தமும் மேளச் சத்தமும் மோதிக்கொள்ளும். பெட்டிக்குள் இருக்கும் சிப் தாங்காமல் லேசாகக் கரகரக்கும். அந்த நொடியில் அக்கா தாவிவிடுவாள்.

2003-இல் பெட்டி மண்டையைப் போட்டது.

"விடுக்கா, கம்ப்யூட்டருக்குள்ளயே அதே பெட்டியச் செஞ்சு தர்றேன்" என்றான் மணிவேல். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன், சுலபமாகச் சொல்லிவிட்டான்.

முதலில் செய்ததைக் கேட்டு அக்கா சிரித்தாள். "அட போடா! சத்தம் குளிச்சுப் பவுடர் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

தப்பு அவனுக்குப் புரிந்தது. அவன் எல்லாச் சத்தத்தையும் வெறுமனே கூட்டியிருந்தான். அசல் சிப்பில் மேளம் ஓங்கினால் காற்று அமுங்கும். உச்சியில் ஒலி கிழியும். எப்போதோ அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள்.

"நாலு தடவ கூப்பிட்டுட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்குறா. பெட்டி போன கோவம் இன்னும் தீரல" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

கடைசியில் கேசட் ஒலியின் கோடும் அவன் செய்த ஒலியின் கோடும் திரையில் மயிரிழை பிசகாமல் பொருந்தின. பொரிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா ஆசையாக வந்து உட்கார்ந்தாள்.

முதல் பள்ளத்திலேயே விழுந்தாள்.

"கரகரப்பு எங்கடா?"

"இருக்குக்கா. நல்லாக் கேளு."

மறுபடி விழுந்தாள். "இல்லவே இல்லடா. ஏமாத்தாத."

மணிவேல் டேப் ரிக்கார்டரை எடுத்துவந்து, பழைய கேசட்டைப் போட்டான். கரகரப்பு அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதுலயும் இல்ல. அதே மொழுமொழுன்னு" என்றாள்.

அக்காவின் கை துழாவிக்கொண்டு வந்து ரிக்கார்டரைத் தொட்டது. உள்ளே நாடா சுற்றும் அதிர்வில் அப்படியே நின்றது.

"டேய்... இது நம்ம பெட்டியோட கேசட்டுதானே?"

"ஆமாக்கா" என்றான்.

அவளுக்குக் கேட்டதோ என்னவோ என்று, இன்னும் கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை சொன்னான்.