சிறகு விரியாத பதினாறு ஈக்கள்

மைசூரில் பழ ஈ ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒன்பது மாதமாகியும் நான் காலை பதினொரு மணிக்கு முன் அங்கே போனதில்லை. இதைச் சொல்லிவிட்டால் என் பெருமை பாதி புரிந்துவிடும்.

அன்று விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் முகம் கழுவலாமென்று ஏழு மணிக்கே போனேன். ஈரக் கையோடு ஒரு புட்டியைத் தூக்கிப் பார்த்தால், பதினாறு ஈக்கள் வெளுத்துப்போய், சிறகு கசங்கி முதுகோடு ஒட்டியிருந்தன. நான் பார்த்த ஈயெல்லாம் பழுப்பு நிறம், சிறகு கண்ணாடி மாதிரி நீண்டிருக்கும். மரபணு மாற்றம்! உடனே அவற்றைத் தனிப் புட்டிக்கு மாற்றி 'ருத்ர' என்று எழுதி ஒட்டினேன். என் பெயர் திப்பேருத்ரப்பா. தாவணகெரேயில் இருக்கும் அப்பாவுக்கும் போன் போட்டேன்.

"ஒரு ஈக்கு என் பேர் வைக்கப் போறாங்கப்பா."

"ஈக்கா? ஒரு மாட்டுக்காவது வைக்கக் கூடாதாடா?"

இருபது வருடமாக ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு ரவைச் சாப்பாடு கிண்டும் நஞ்சுண்டி புட்டியை எட்டிப் பார்த்தார்.

"சாமி, இதுங்க..."

"இது மரபியல், நஞ்சுண்டி. ரவை அடிப்பிடிக்குது, அதைப் பாருங்க."

"சரி சாமி."

ஒன்பதரைக்குப் பேராசிரியை ஜலஜாக்ஷி வந்தார். நிறம் ஒரு மரபணு, சிறகு ஒரு மரபணு, இரண்டும் ஒரே நேரத்தில் மாறியிருக்கிறது என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் புட்டியைத் தூக்கினார். உள்ளே பதினாறும் பழுப்பாக, சிறகு விரித்து ஜோராகத் திரிந்தன.

"எங்கேப்பா உன் ஈ?"

"யாரோ மாத்திட்டாங்க மேடம்!"

"யாரும் மாத்தல," என்றார் நஞ்சுண்டி. "காலைல கூட்டுலருந்து வந்த குஞ்சுங்க. கொஞ்ச நேரத்துல சிறகு விரிஞ்சிரும். தினமும் இப்படித்தான் மேடம். சாமி வர்றதுக்குள்ள எல்லாம் பெரிசாயிடும்."

"இவர்கிட்ட சொல்லலியா?"

"சொல்ல வந்தேன். ரவையப் பாக்கச் சொல்லிட்டாரு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "உயிருள்ளதெல்லாம் வளரும்னு போன வாரம் பி.எஸ்சி. பசங்களுக்கு யாரு பாடம் எடுத்தது?"

"நான்தான் மேடம்."

"இந்த ஈயோட மரபணு வேலைய நேரத்துக்குச் செய்யுது. நீ நாளைலருந்து ஆறு மணிக்கு வா."

போனேன். கூட்டை உடைத்துத் தள்ளாடி வெளியே வருவதும், சிறகு மெல்ல நீள்வதும் தினமும் பார்க்கக் கிடைத்தன. வெட்கத்தை மறந்து உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் வாரம் ஒரு பெண் ஈக்கு மதியம்வரை சிறகு விரியவில்லை. அப்பாவுக்குப் போன் போடவில்லை. நேராக நஞ்சுண்டியிடம் கொண்டுபோனேன்.

"பொறந்ததும் ரவைல மாட்டிக்கிச்சு சாமி. சிறகு அப்படியே இறுகிடுச்சு. இனி விரியாது."

"அப்ப இது பிள்ளைங்களுக்கு வராதா?"

"எனக்கு முன்பல் உடைஞ்சதே, என் மகளுக்கு வந்துச்சா?"

ஆனாலும் ஆசை விடவில்லை. ஓர் ஆண் ஈயோடு சேர்த்துவிட்டேன். பத்தாம் நாள் பிறந்தவற்றுக்கெல்லாம் நல்ல சிறகு. "பேரப்பிள்ளைங்களையும் பாரு, அதுல வந்தாலும் வரும்," என்றார் மேடம். அதையும் பார்த்தேன். நூற்றுப்பதினேழும் அருமையாகப் பறந்தன. புட்டியைத் திறந்து எண்ணும்போது நான்கு என் மூக்குக்குள்ளேயே பறந்தன.