மூன்றாம் ஓலைக்கு முன்

லூர்து மாதா கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்பட்டபோது உர்சுலா வீங்கிய இடது கன்னத்தை முக்காட்டின் லேஸுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் பெர்னார்டுக்கும் அவளுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தம்மிடம் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் வழக்கம்போல் வாசித்து முடித்தார். யாரும் அசையவில்லை. ஆனால் பின்வரிசையில் யாரோ கனமாக மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. அடைபட்ட மூக்கும் திறந்த வாயுமாக இழுத்து இழுத்து விடும் மூச்சு. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பள்ளிக்கூட நாட்களில் தூங்கினாள். அது அக்கா ரூபியின் மூச்சு. ரூபி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

ரூபிக்கும் இப்படித்தான் தாடையில் ஒரு வீக்கம் வந்தது. பல் பிடுங்கும் கடைக்காரர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது புற்று, தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கத்தி பட்டால் பரவும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா அல்போன்சம்மாள் அதை நம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நவநாள் பிடித்தாள், தைலம் தடவினாள், உபவாசம் இருந்தாள். வீக்கமோ அவசரமே இல்லாமல் வளர்ந்தது. ரூபியின் முகம் ஒரு பக்கம் சரிந்தது, சாப்பாடு கஞ்சியானது, கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை.

இப்போது உர்சுலா கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அதற்குள் ரூபி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தாள். முதலில் கன்னத்தின் ஓரம், அப்புறம் உதட்டின் கோணல். சிராங்கூன் ரோடு நகைக்கடைக் கண்ணாடியில் ஒருநாள் தன் பிம்பத்தைப் பார்த்து, "அக்கா" என்று சொல்லியே விட்டாள்.

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அம்மாதான் முக்காட்டை இழுத்து விட்டவள். மூன்று ஓலையும் வாசிக்கட்டும், தாலி ஏறட்டும், பிறகு ஆண்டவர் விட்ட வழி என்றாள். கட்டிக்கப்போகிறவனிடம் வாயைத் திறக்காதே என்றும் சொல்லி வைத்தாள்.

வாயைத் திறக்க வைத்தவன் பெர்னார்டுதான். பஸ் நிறுத்தத்தில் அவள் எப்போதும் தன் வலது பக்கத்தையே காட்டி நிற்பதை அவன் கவனித்திருந்தான்.

"நான் உன்னைக் கல்யாணம் பண்ணப்போறேனா, இல்ல உன் பாதி முகத்தையா? மிச்சப் பாதி யாருக்கு லா?"

அவள் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். ரூபியைப் பற்றியும் சொன்னாள். அவன் அடுத்து வந்த பஸ்ஸில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு அழைத்துப் போய்விட்டான்.

டாக்டர் சந்திரமதி தாடையைப் படம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தபோது எலும்புக்குள் சோப்பு நுரைபோல வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பெயர் சொல்வதற்கு முன் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எடுத்தார். வீட்டில் யாருக்கும் இப்படி வந்ததுண்டா என்று கேட்டதும் உர்சுலா சொல்லிவிட்டாள்.

"அக்காவுக்கு வலி இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல. சில வருஷம் அப்படியே இருந்துச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். புற்று என்றால் அத்தனை காலம் வலியில்லாமல் காத்திருக்காது என்று மெதுவாகச் சொன்னவர், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயில் தையல் இருந்தது. மூச்சு அன்று பின்வரிசையில் இல்லை, அவள் காதருகே இருந்தது. தலையணையில் ரத்தக்கறை பார்த்த அம்மா விஷயத்தைக் கண்டுபிடித்து, அழுது, ஏசி, முடிவு கேட்கப் போன நாளில் தானும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

பல் உருவாகும் சதையிலிருந்து வரும் கட்டி, புற்று இல்லை என்றார் டாக்டர். சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். ஆகவே அந்த இடத்து எலும்போடு வெட்டி எடுத்து, இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்துக் கட்ட வேண்டும். முகம் சற்று மாறும், உயிருக்குப் பயமில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று பெர்னார்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டான். அம்மாவின் சம்மதம்தான் மிச்சம். அவள் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் அம்மா சரி என்று சொல்லாமல் உர்சுலாவால் அந்தக் கட்டிலில் படுக்க முடியாது.

அம்மா மகளைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"கத்தி பட்டா பரவாதா டாக்டரம்மா?"

"பரவாதும்மா. விட்டுட்டாத்தான் ஆபத்து. வளர்ந்து வளர்ந்து தொண்டையை அடைச்சிடும்."

அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "மூத்தவளுக்கும் இதுதானா?"

"படம் எதுவும் இல்லாம என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர், உர்சுலாவைப் பார்க்காமல்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"அவகூடப் படுத்தவ நீ. நீ சொல்லு. அவளுக்கும் இதுதானா? நான்தான் கொன்னேனா?"

உர்சுலாவின் வாயில் தையல் இழுத்தது. உண்மையைச் சொன்னால் அம்மா இந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டாள் என்று தோன்றியது.

"இல்லம்மா. அது வேற. அக்காவுக்கு வலி இருந்துச்சு. இதுல வலி இருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க. அவளுக்கு வந்தது புற்றுதான்."

அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. "அப்ப உனக்கு வெட்டச் சொல்லு," என்றாள். "சாமியார்கிட்ட நானே பேசுறேன். கல்யாணம் நிக்காது, தள்ளித்தான் போகும்."

உர்சுலா கண்ணை மூடினாள். காதருகே எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாளில் முதன்முறையாக அமைதி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளத் திரும்பியபோதுதான் அம்மா மறுபடி பேசினாள்.

"வலி இருந்துச்சா அவளுக்கு? என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, கிளம்பியது.

"ரொம்ப வலிச்சுதாடீ? ராத்திரி அழுவாளா?"

இனி இதற்கெல்லாம் தான்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும், அம்மா இருக்கும் நாள் வரைக்கும், என்பது உர்சுலாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எப்பவாவதும்மா," என்றாள்.

அம்மா தலையாட்டினாள். பிறகு தங்கள் இருவருக்கும் நடுவே இன்னொருத்திக்கு இடம் விடுகிறவள்போல ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.