இடது முன் சக்கரம்

தரையில் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் சீவலைக் கூட்டித் தள்ளப்போன நெட்டையன், துடைப்பமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சீவல், காலையில் பல் டாக்டரின் வண்டியிலிருந்து அவனே கத்தி போட்டு அறுத்தெடுத்தது.

பல் டாக்டருக்கு அந்தப் பெரிய வண்டி மேல் அப்படி ஒரு மோகம். கம்பெனி கொடுத்த சக்கரம் அவர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய அலாய் சக்கரமும், தடித்தடியான டயருமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "நாள் பூரா அடுத்தவன் வாயையே குனிஞ்சு பாத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கெழமையாவது ஒசரத்துல உக்காந்து ரோட்டைப் பாக்கறேனே" என்றார். நியாயம்தானே, மனுஷனுக்கு ஆசை இருக்காதா!

சக்கரக் கடையில் நெட்டையனும் அவன் மச்சானும் கூட்டு. சம்பந்தம் ஆவதற்கு முன்பிருந்தே கூட்டாளிகள், அதனால் வா போ என்றுதான் பேச்சு. சக்கரத்தை மாட்டுவது நெட்டையன் வேலை. வண்டியைத் தரையில் இறக்கியதும், நீளமான முறுக்குச் சாவியைப் போட்டு 'டக்'கென்று சத்தம் வரும்வரை நட்டை இறுக்குவது மச்சான் வேலை. இறுக்கிய ஒவ்வொரு நட்டின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பான். பெண்டாட்டியிடமிருந்து சுட்டுக்கொண்டு வந்த பாட்டில். வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இத்தனை வருஷமும் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

இன்றைக்கும் நாலு சக்கரமும் மாட்டி, இறுக்கி, பொட்டு வைத்தாயிற்று. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தபோதுதான் இடது முன் டயர் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் உரசியது. அந்த ஒரு சக்கரத்தை மட்டும் மறுபடி கழற்றி, பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு, திரும்ப மாட்டி, நட்டுகளை லேசாகத் திருகி வண்டியை இறக்கிவிட்டு நெட்டையன் கை கழுவப் போனான். வந்து பார்த்தால் டாக்டர் கையாட்டியபடி வெளியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த எடது முன் சக்கரம்... ரெண்டாவது தடவை மாட்டினப்புறம் நீ இறுக்கினியா?"

மச்சான் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தான். "பொட்டு இருந்துச்சே மாப்ளே."

"அடப்பாவி, அது மொதத் தடவை வெச்ச பொட்டு!"

"கழட்டினப்ப நீ அழிக்கலையா?"

அழிக்க வேண்டும் என்று இருவருக்குமே இதுவரை தோன்றியதில்லை. நெட்டையன் டாக்டருக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் பல்வலி என்று கூப்பிடுகிறார்களே என்று அவர் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு அக்காவையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போவதாகவும் சொல்லியிருந்தார். மலைப்பாதை! ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

பைக்கை எடுத்தான். முறுக்குச் சாவியைக் குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு மச்சான் பின்னால் தொற்றிக்கொண்டான். டாக்டர் வீட்டில் பூட்டு தொங்கியது. பைக் மலை அடிவாரத்தைத் தாண்டி வளைவுகளில் ஏறியபோது நெட்டையன் சாலையைப் பார்க்கவில்லை, ஓரங்களைத்தான் பார்த்தான். எங்காவது புல் நசுங்கியிருக்கிறதா, சறுக்கின தடம் இருக்கிறதா. டாக்டர் வண்டியின் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். கடவுளே, என் கையால் அப்படி ஒன்று ஆகிவிட வேண்டாம், கடையை வேண்டுமானால் மூடிவிடுகிறேன் என்று என்னென்னவோ வேண்டிக்கொண்டான்.

மூன்றாவது வளைவில் கூட்டம் தெரிந்தது.

"மாப்ளே..." என்றான் மச்சான்.

கிட்டே போனால், டீக்கடை. அதன் முன்னால் அந்தப் பெரிய வண்டி, நாலு காலிலும் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. கூட்டம் கூடியிருந்தது வண்டியைப் பார்க்க அல்ல. டீக்கடை நாற்காலியில் கனத்த சரீரமும் முழங்கால் கட்டுமாக ஒரு அம்மாள் உட்கார்ந்து, எதிரே கைகட்டி நின்ற டாக்டரை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னா மாட்டேன். ஏணி கொண்டா, ஏறறேன். இது வண்டியாடா, மொட்டைமாடியா? வீட்டு வாசல்ல நாலு பேரு மூட்டை தூக்கற மாதிரி தூக்கிப் போட்டீங்க. ஒரு டீ குடிக்க எறங்கினது ஒரு குத்தமா? நான் பஸ்ல வரேன், நீ போ."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

பிள்ளைகள் இரண்டும் வண்டிக்குப் பின்னால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் அவர்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய் இடது முன் சக்கரத்தருகே குந்தி, ஒரு நட்டை விரலால் தொட்டான். ஆடுகிற பல்லைப் போல ஆடியது. அடுத்ததை இரண்டு சுற்றுச் சுற்றியதும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

"அட, நீங்க எங்க இங்க?" டாக்டர் வந்தார். "வர்ற வழியெல்லாம் கடகடன்னு ஒரு சத்தம். பெரிய டயர்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"சும்மா, ஒரு செக்கப்புக்கு..." என்று ஆரம்பித்தான் மச்சான்.

"இல்ல டாக்டர்" என்றான் நெட்டையன். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இந்தச் சக்கரத்தை நாங்க இறுக்கவே இல்ல. மறந்துட்டோம். தப்பு எங்களோடது."

டாக்டர் நட்டைப் பார்த்தார். சாலை விளிம்பைப் பார்த்தார். போய்ப் பிள்ளைகள் இரண்டையும் இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அப்ப நான் எறங்காம இருந்திருந்தா?" என்றாள் அக்கா.

பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். "இனிமே எவனாவது என் முட்டியைக் கொறை சொல்லட்டும், அப்ப இருக்கு" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

டாக்டர் வண்டியிலேயே இருந்த ஜாக்கியைப் போட்டு, சக்கரத்தை நேராக உட்கார வைத்து, இறக்கி, மச்சான் முறுக்குச் சாவியால் இறுக்கினான். டக். டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் நெட்டையனுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மற்ற மூன்று சக்கரங்களையும் அவனே ஒருமுறை இறுக்கிப் பார்த்தான். அசையவில்லை. அப்பாடா!

"சரி, கெளம்புங்க. தங்கச்சி சமைச்சு வெச்சிட்டு வாசலைப் பாத்துட்டு நிப்பா" என்று அக்கா எழுந்தாள். கதவருகே வந்து அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். டாக்டர் டீக்கடை நாற்காலியை எடுத்து வந்தார். சாலைச் சரிவில் அது நிற்காமல் ஆடியது.

நெட்டையன் வண்டியோரம் ஒரு காலை மண்டி போட்டு, மறு தொடையைத் தட்டிக் காட்டினான். அக்கா தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் தொடைமேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றாள். மொத்தக் கனமும் அவன்மேல் இறங்கியது. தொடை விண்ணென்றது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வலிக்குதா தம்பி?"

"இல்லக்கா. நல்லா அழுத்தி மிதிங்க."