அன்னங்களுக்கு நடுவே ஆக்தோஷ்

பக்கத்து வீட்டு ஷேய்ஷெனுக்குப் பேரன் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் புருல் தான் தைத்த தொட்டில் மெத்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்க, அவள் கணவன் ஜமீர்பெக் அடுப்போரம் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஆக்தோஷ் படுத்திருந்தது. பதின்மூன்று வயது வேட்டை நாய். ஒரு காலத்தில் மலையில் நரியை ஓட ஓட விரட்டியது. இப்போது பின்னங்கால்களில் வலு இல்லை. எழுந்து நிற்பதற்குள் நாலு முறை சரிந்து விழும். புருல் கம்பளியில் தைத்துப் போட்ட சட்டையைக் குளிர்காலம் முழுக்கக் கழற்றுவதில்லை.

"எழுந்திரிங்க. வெறுங்கையோட போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க," என்றாள் புருல்.

அவர்கள் முறை அப்படி. புதுக் குழந்தையோ புது மருமகளோ, முதல் முறை முகம் பார்க்கிறவர்கள் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கொருமுதுக் என்று பெயர். அங்கே ஷேய்ஷென் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கொருமுதுக் எங்கே? சும்மா பாத்துட்டுப் போக இதென்ன சினிமாவா?"

மெத்தை கைமாறிய பிறகுதான் தொட்டில் திரை விலகியது. ஜமீர்பெக் குழந்தையை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நொடி கண் கைப்பேசிக்குப் போய்விட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. ஏரிக்கரை ஓய்வு விடுதியில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவன். விடுதியை மூடி இரண்டு வருடமாகிறது. ஊரில் யாரும் அவனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் சன்னலில் பூனை, வேலியில் மாக்பைப் பறவை, கொழுப்புத் துண்டைக் கொத்தும் சிட்டுகள் என்று அவன் எடுத்துப் போட்ட படங்களுக்கு முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இல்லாமல் இப்போது அவனுக்குப் பொழுது விடிவதில்லை. போதாக்குறைக்கு நகரத்துப் பத்திரிகை ஒன்று போட்டி வைத்திருந்தது. வீட்டுப் பிராணியும் காட்டுப் பறவையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும், அதுவும் பனிக்காலத்தில்.

"ஆக்தோஷை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அன்னங்க வந்திருக்கு," என்றான் வீடு திரும்பியதும்.

"அது வாசல் வரைக்கும் நடக்கவே திணறுது. பூனையை வெச்சு எடுங்களேன்."

"பூனை ஒரு இடத்துல உக்காருமா? இது சொன்னா கேக்கும்."

சொன்னால் கேட்கும். பாவம், அந்தக் கிழட்டு நாய் செய்த ஒரே குற்றம் அதுதான்.

இசிக்குல் ஏரி எந்தக் குளிரிலும் உறைவதில்லை. கரையோரம் மட்டும் மெல்லிய பனித்தகடு பிடித்திருந்தது. நாணல் ஓரமாக ஆக்தோஷை உட்கார வைத்தான். சட்டை போட்ட நாய் படத்தில் கோமாளி மாதிரி இருக்கும் என்று சட்டையைக் கழற்றினான். தன் பின்னாலேயே தவழ்ந்து வந்துவிடக் கூடாதே என்று, கண்ணுக்குத் தெரியாத மீன்பிடி நூலை அதன் இடுப்பில் சுற்றி நாணலில் கட்டினான். பிறகு ரொட்டித் துண்டுகளை அள்ளி வீசிவிட்டுக் காத்திருந்தான்.

அன்னங்கள் நெருங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை ஆக்தோஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பு நடுங்கியது. அவனுக்குத் தெரியாமல் இல்லை. நடுக்கத்தால் படம் கலங்கிவிடுமோ என்றுதான் கவலைப்பட்டான்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்டா. அசையாம இரு."

ஆக்தோஷ் அசையாமல் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, படம் பிரமாதமாக வந்தது. ஆனால் அவன் கூப்பிட்டபோது நாயால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்று ரோமம் பனியோடு ஒட்டிப்போயிருந்தது. பதறிப்போய் நூலைக் கத்தியால் அறுத்துவிட்டு, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். அடுப்பை விட்டு நகர்த்தவில்லை. புருல் பாலைக் கரண்டியால் ஊட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு நின்றது. ஆப்பிள் மரத்தடியில் இறுகிக் கிடந்த மண்ணைக் கடப்பாரையால் குத்திக் குத்தி ஜமீர்பெக் குழி தோண்டினான். புருல் அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டுத்தான் புதைக்க விட்டாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் போட்ட அன்னப் படத்துக்குக் கீழே வாழ்த்துகள் குவிந்தன. 'எவ்வளவு அமைதி', 'எவ்வளவு நம்பிக்கை' என்று எழுதினார்கள். பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசும் அதற்கே என்று அறிவிப்பு வந்தது.

பத்து நாள் கழித்து ஷேய்ஷென் வேலியோரம் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, ஏரியில நூல் எதையாவது விட்டுட்டு வந்தியா?"

புருலும் சேர்ந்து மூவரும் போனார்கள். அதே நாணல் ஓரம். ரொட்டியின் ருசி கண்ட அன்னம் ஒன்று மறுபடி அங்கே தேடி வந்திருக்கிறது. அறுந்து கிடந்த நூல் அதன் காலில் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகி, எலும்பு வரை அறுத்திருந்தது. சிறகடித்துச் சிறகடித்து ஓய்ந்துபோய், பனிமேல் கழுத்தை நீட்டிக் கிடந்தது. உயிர் இல்லை. மற்ற அன்னங்கள் தூரத்துத் தண்ணீரிலேயே நின்றுகொண்டன.

பழக்க தோஷம், ஜமீர்பெக்கின் கை சட்டைப்பைக்குள் இருந்த கைப்பேசியைத் தொட்டது. புருல் அதைப் பார்த்துவிட்டாள்.

"எடுங்க. இதையும் எடுத்துப் போடுங்க," என்றாள் அடங்கிய குரலில். "பக்கத்து வீட்டுப் புள்ளை முகத்தைப் பாக்க மெத்தை தெச்சுக் கொண்டுபோனோம். பதிமூணு வருஷம் உங்க பின்னாடியே வந்த நாய். மலை தாண்டி நம்ம ஏரிய நம்பி வந்த பறவை. இதுங்களைப் பாத்ததுக்கு என்னங்க கொருமுதுக் குடுத்தீங்க?"

ஜமீர்பெக் பனிமேல் முழங்காலிட்டு, அன்னத்தின் காலிலிருந்து நூலைச் சுற்று சுற்றாகப் பிரித்தெடுத்தான். விரல் மரத்துப்போனது, விடவில்லை. பிறகு அங்கேயே அந்தப் படத்துக்குக் கீழே எழுதினான்: 'நாயைக் கட்டிப்போட்டு எடுத்த படம் இது. அது குளிரில் செத்தது. கட்டிய நூலில் சிக்கி ஓர் அன்னமும் செத்தது. பரிசு எனக்கு வேண்டாம்.' வாழ்த்தியவர்களே வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒன்று விடாமல் படித்தான்.

அந்தக் குளிர்காலம் முடியும் மட்டும் தினமும் காலையில் கரைக்குப் போய், கிடக்கிற நூலையெல்லாம் பொறுக்கினான். ஒருநாள் நகரத்திலிருந்து ஓர் இளம் ஜோடி காரில் வந்து இறங்கியது. அந்தப் பெண் தன் நாய்க்குட்டியின் சட்டையை உருவிவிட்டுப் பனிமேல் இறக்கப் போனாள். ஜமீர்பெக் பாதைக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"கொருமுதுக் எங்கேம்மா?"

கூட வந்தவன் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கையை விட்டான்.

"காசு வேண்டாம் தம்பி. குட்டிக்குச் சட்டையைப் போட்டுத் தூக்கிக்கோங்க, அது போதும். ஒரு உசுரைப் பாத்து நாம சந்தோஷப்படணும்னா, முதல்ல அது நல்லா இருக்கான்னு பாக்கணும். அதை வதைச்சு எடுக்கிற படம் ரசனை இல்ல, திருட்டு. நான் திருடினவன், அதான் சொல்றேன்."

அந்தப் பெண் குட்டியை மேலங்கிக்குள் பொத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட நாய் இருக்கா அண்ணே?"

"இருந்துச்சும்மா," என்றான் ஜமீர்பெக். "நடுங்கிச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."