ரூபினி பிரேக்கை மிதித்தாளா?

1

மாத இதழ் ஒன்று என்னிடம் கேட்டது கதை அல்ல. ‘கைக்குழந்தையோடு மலையேறுகிறவர்களுக்குப் பத்துக் குறிப்புகள்.’ நான் பிரிஞ்சாங் என்ற மலையூரில் இருப்பவள், இரண்டு பிள்ளை பெற்றவள், அதனால் கேட்டார்கள். ஆறு குறிப்புகள் ஒழுங்காக வந்தன. வாந்திக்கு பிளாஸ்டிக் பை, கைக்கெட்டும் இடத்தில். காதை மூடும் தொப்பி. மாற்றுத்துணி பிள்ளைக்கு மட்டுமில்லை, தூக்குகிறவருக்கும். இப்படி. ஏழாவதாக, ‘சரிவில் பிள்ளையைத் தள்ளும் ஸ்ட்ரோலரை நிறுத்தினால் பிரேக்கை மிதித்துவிட்டு, ஒருமுறை தள்ளிப் பாருங்கள்’ என்று எழுதினேன். எழுதிய கையோடு ரூபினி வந்து நின்றுவிட்டாள்.

(அவள் கற்பனை. பயம் என்னுடையது.)

2

முதல் தொடக்கம்: ‘தேயிலைச் சரிவு பச்சைக் கம்பளமாய் விரிந்து’

வேண்டாம். பிள்ளை வாந்தியெடுக்கும்போது யார் சரிவைப் பார்ப்பார்கள்?

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறிய வளைவுகளில் மூன்றரை வயது யாஷினி இரண்டு முறை வாந்தியெடுத்துவிட்டாள். தேயிலைத் தோட்டத்துக் கடை வாசலில் அவளையும், எட்டு மாதக் கவினையும், மனைவி ரூபினியையும் இறக்கிவிட்டு, விமலன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். போகிறபோதும் சொன்னான்.

“மேட்டுல ஸ்ட்ரோலர் வேணாம்னு சொன்னேன்ல? பிள்ளைய நெஞ்சுல கட்டிக்க லா.”

“முதுகு விட்டுப்போவுது. நீங்க போங்க.”

கார் மறைவதற்குள் யாஷினி மறுபடி குனிந்தாள். ரூபினி பையை நீட்டினாள், முடியை ஒதுக்கிப் பிடித்தாள், வாயைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது ஸ்ட்ரோலர் பக்கத்தில் இல்லை.

3

இங்கே எனக்கு ரூபினிமேல் சந்தேகம். மிதித்தாளா?

முதல் வரைவில் மிதித்தாள், பிரேக் பழுது. அவளைத் தப்பவைக்க நான் செய்த வேலை அது, அழித்துவிட்டேன். இரண்டாவதில் மறந்துபோனாள். அதற்கும் மனம் வரவில்லை. உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. பெல்ட்டைப் பூட்டியது மட்டும் நிச்சயம். ‘டக்’கென்ற சத்தம் இன்னும் காதில் இருந்தது.

சிமெண்டுப் பாதையில் ஸ்ட்ரோலர் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினாள், சத்தம் வந்ததா தெரியாது. ஓடினாள். பாதை திரும்பிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்தது.

அழுகை இல்லை.

(இந்த வரிக்கு அப்புறம் நான் எழுந்துபோய், முற்றத்தில் என் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.)

பிறகு அழுதான்.

4

கடையில் வேலை செய்யும் திலகம் ஓடிவந்து பெல்ட்டை அவிழ்த்தாள். ரூபினி பூட்டைத் திறக்காமல் பெல்ட்டையே இழுத்துக்கொண்டிருந்தாள். கவினின் கன்னத்தில் ஒரு கீறல்.

“அழுவுறான்ல, பயப்படாத. தலையில பட்டுச்சா?”

“தெரியலக்கா. நான் பாக்கல.”

“அப்ப டாக்டர்கிட்ட காட்டிடு. வீட்டுக்காரர் வந்ததும் சொல்லு. சும்மா இருந்துடாத.”

ரூபினி தலையாட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையால் ஸ்ட்ரோலரை மேலே இழுத்துவந்தாள். சக்கரத்தில் சிக்கிய இலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி இலையைப் பிடுங்கும்போதுதான், தான் எதை மறைக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

விமலன் வந்துவிட்டான்.

“என்ன இது, கீறல்?”

“தம்பி ஸ்லைட் போனான்ப்பா,” என்றாள் யாஷினி. “ஸ்பீடா!”

விமலன் சிரித்தான். “இங்க எங்கம்மா ஸ்லைட்?”

கேள்வி மகளிடம். பார்வை ரூபினியிடம்.

கவின் கொட்டாவி விட்டான். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரம்தான். அதனால்தானா? தலையில் அடிபட்ட பிள்ளைக்கும் தூக்கம் வரும் என்று ரூபினி எங்கோ படித்திருந்தாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொல்லிவிடுகிறாள், விமலன் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டுகிறான். இன்னொன்றில், “என் நகம் பட்டுருச்சு” என்கிறாள்; இருவரும் டீ குடிக்கிறார்கள். மூன்றாவதில் திலகம் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அது என் கோழைத்தனம்.

மூன்றையும் நீக்கிவிட்டேன். ரூபினி வாயைத் திறந்துவிட்டாள், ஆனால் என்னிடம் வாக்கியம் இல்லை. விமலன் காத்திருக்கிறான். கவினின் கண்கள் சொருகுகின்றன. உங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தால் கொடுங்கள்.

சீக்கிரம்.